பரப்புத் தெரியும், பக்கம் எவ்வளவு? வர்க்கமூலமும் கனமூலமும் படிப்பிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தம்பி தங்கச்சிமார் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். நானும் அப்படித் தொடங்கியவள்தான். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பின்னேரம் பிள்ளையின் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிற அம்மா அப்பாவும் வாசிக்கலாம்.

என் முதல் வகுப்பில் பலகையில் √16 = 4 என்று எழுதி, "விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன். "ஓம் ரீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்ததாக √36 கொடுத்தேன். முன்வாங்கில் இருந்த கெட்டிக்காரன்தான் முதலில் கையைத் தூக்கினான். விடை 9.

"என்னண்டு 9 வந்தது?"

"16ஐ நாலால பிரிச்சால் 4 தானே ரீச்சர். அப்ப 36ஐயும் நாலால பிரிச்சன்."

அவனுடைய யோசனையில் ஒரு பிழையும் இல்லை. உதாரணத்தைத் தெரிவுசெய்த என்னில்தான் பிழை. 16 ஒரு கள்ள எண்: நாலால் வகுத்தாலும் சரியான விடையே வந்து நிற்கும். 4 அதைவிடக் கள்ளம், பாதியாக்கினாலும் 2, வர்க்கமூலம் எடுத்தாலும் 2. இந்த இரண்டையும் முதல் நாள் பலகையில் எழுதாதீர்கள். 25இலோ 49இலோ தொடங்கினால் பாதியாக்குகிற பிள்ளையும் நாலால் பிரிக்கிற பிள்ளையும் உடனே பிடிபட்டுவிடுவார்கள்.

முதல் நாள்: புளியங்கொட்டை

குறியை மறந்துவிடுங்கள். √ என்ற அடையாளமே முதல் நாள் வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு ஒரு கை புளியங்கொட்டை, ஆளுக்கொரு சதுரக்கோட்டுக் கொப்பி, இவ்வளவு போதும்.

"9 கொட்டையைச் சதுரமாய் அடுக்குங்கோ" என்று சொல்லுங்கள். அடுக்குவார்கள். பிறகு 25. பிறகு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், 12. மூன்று வரிசையில் நாலு நாலாக வைத்துவிட்டு ஒன்றையொன்று பார்ப்பார்கள். "இது நீட்டாய் இருக்கு ரீச்சர், சதுரம் வரேல்லை." உடனே உதவிக்குப் போகாதீர்கள், ஒரு இரண்டு நிமிடம் அல்லாடட்டும். அதன்பின் கேளுங்கள்: இன்னும் எத்தனை கொட்டை தந்தால் சதுரம் வரும்? எத்தனையை எடுத்தால் வரும்? நாலு தந்தால் 16, மூன்றை எடுத்தால் 9. 12 என்பது 9க்கும் 16க்கும் நடுவில் மாட்டுப்பட்ட எண் என்பதை அந்தக் கை கண்டுகொள்கிறது. பிற்பாடு அண்ணளவாக வர்க்கமூலம் காணும்போது இந்த இரண்டு நிமிடம் கைகொடுக்கும்.

அதே கொட்டைகளால் சதுரத்தை வளர்த்தும் காட்டலாம். ஒரு கொட்டையை வையுங்கள். அதன் இரண்டு பக்கமும் மூலைமட்டம் போல வளைத்து 3 கொட்டை சேர்த்தால் 4. அதைச் சுற்றி 5 சேர்த்தால் 9. பிறகு 7 சேர்த்தால் 16. ஒவ்வொரு முறையும் அடுத்த ஒற்றை எண். இதைத் திருப்பிப் போட்டால் பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளைக்கும் ஒரு வழி கிடைக்கிறது. 49இல் இருந்து 1, 3, 5, 7 என்று கழித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்: 48, 45, 40, 33, 24, 13, 0. ஏழு தரம் கழித்தோம், விடை 7. பெரிய எண்ணுக்கு இது சரிவராது, நேரம் போய்விடும். ஆனால் "எனக்கும் வருது" என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து இருக்க இது போதும்.

வகுப்பு முடிய முன்னர், கொப்பியில் ஒரு சதுரம் கீறி, உள்ளே இருக்கிற பெட்டிகளைக் கையால் மூடிக்கொண்டு கேளுங்கள்: "உள்ளுக்கு 49 பெட்டி இருக்கு. பக்கம் எத்தினை?" இதுதான் முழுப் பாடமும். பக்கத்தைச் சொல்லிப் பரப்பைக் கேட்டால் வர்க்கம், பரப்பைச் சொல்லிப் பக்கத்தைக் கேட்டால் வர்க்கமூலம். ஒரு நாள் முழுக்க "49இன் பக்கம் 7" என்றே சொல்லட்டும், கெட்டுப்போகாது.

சொல்லும் குறியும்

"மூலம்" என்று நீங்கள் வாயைத் திறந்ததும் பின்வாங்கில் ஒரு சிரிப்பு எழும்பும். அவர்களுக்குத் தெரிந்த மூலம் வைத்தியரிடம் காட்டுகிற மூலம். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் விளக்கம் சொல்வேன்: மூலம் என்றால் வேர், ஒன்று முளைத்து வந்த இடம். 49 எந்தப் பக்கத்தில் இருந்து முளைத்தது? ஏழில் இருந்து. சொல்லின் கருத்துப் பிடிபட்டால் குறி தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

யூரியூப்பில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. அங்கே "பகா எண்" என்று சொல்வதைத்தான் நாங்கள் "முதன்மை எண்" என்கிறோம், "கனசதுரம்" என்பது எங்கள் "சதுரமுகி". இதை ஒருக்கால் சொல்லிவைக்காவிட்டால் பிள்ளை இரண்டையும் வேறு வேறு பாடம் என்று நினைத்துக்கொள்ளும்.

√ என்ற குறியை 1525இல் அச்சில் கொண்டுவந்தவர் ஜேர்மனியக் கணித ஆசிரியர் கிறிஸ்தோப் ருடோல்ஃப். அவருடைய குறிக்கு மேலே நீட்டுக் கோடு கிடையாது. அந்தக் கூரையை 1637இல் போட்டவர் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்ட். கூரை அழகுக்குப் போட்டதல்ல. 9இன் மேல் மட்டும் கூரை இருந்து, பக்கத்தில் + 16 நின்றால் 3 + 16, அதாவது 19. கூரை இரண்டையும் மூடி நின்றால் 25இன் வர்க்கமூலம், அதாவது 5. பிள்ளைகள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று எழுதுவார்கள்: 3 + 4 = 7.

இந்த 7ஐ அடித்து விரட்ட எனக்குத் தெரிந்த நல்ல ஆயுதம் மேசன்மாரின் நூல்தான். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மூலையில் இருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் அடையாளம் வைத்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை சரி. 9உம் 16உம் சேர்ந்து 25, அதன் பக்கம் 5. சரி, குறுக்கே 7 அடி என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால்? மூன்றும் நாலும் சேர்ந்து ஏழு அடி நீள வேண்டுமென்றால் இரண்டு சுவரும் ஒரே நேர்கோட்டில்தான் போக முடியும். மூலையே இல்லை. வாசலில் நூலைப் பிடித்துக் காட்டிய நாளுக்குப் பிறகு என் வகுப்பில் அந்தப் பிழை வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பாடமாக்க வேண்டியது

விளங்கிக்கொண்டால் போதும், பாடமாக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாதாரணதரப் பரீட்சையில் கல்குலேற்றர் கிடையாது. 1 முதல் 20 வரை வர்க்கங்களும் 1 முதல் 10 வரை கனங்களும் (2 × 2 × 2 = 8 போல, ஒரே எண்ணை மூன்று தரம் எழுதிப் பெருக்கினால் வருவது) பிள்ளையின் நாக்கு நுனியில் நிற்கவேண்டும். கனங்கள் இவ்வளவுதான்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000.

எழுதி முடிந்ததும் கடைசி இலக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வர்க்கமும் 2, 3, 7, 8 என்று முடியாது. கனங்களில் வேறு ஒரு வேடிக்கை: பத்து எண்ணும் பத்து வெவ்வேறு இலக்கத்தில் முடிகின்றன. 2இன் கனம் 8இலும் 8இன் கனம் 2இலும் முடியும், 3உம் 7உம் அதேமாதிரி இடம் மாறும், மற்றவை தங்கள் இலக்கத்திலேயே முடியும்.

இதை வைத்து ஒரு வித்தை காட்டலாம். ஒரு பிள்ளையை ஈரிலக்க எண் ஒன்றை மனதில் நினைத்து, அதன் கனத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 17576 என்று சொல்கிறதா? கடைசி இலக்கம் 6, ஆகவே விடையும் 6இல் முடியும். கடைசி மூன்று இலக்கத்தையும் வெட்டினால் மிச்சம் 17. அது 8க்கும் 27க்கும் இடையில், ஆகவே முன்னுக்கு 2. விடை 26. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் கவனம், சொன்ன எண் உண்மையிலேயே ஒரு கனமாக இருந்தால்தான் இது வேலைசெய்யும். 17586 என்று பிழையாகப் பெருக்கிச் சொன்னாலும் உங்களுக்கு 26தான் வரும்.

சோடி சேர்த்தல்

பெரிய எண் வந்தால் முதன்மைக் காரணி. இது பாடப்புத்தகத்திலேயே ஒழுங்காக இருக்கிறது, நான் நீட்டவில்லை. 1764ஐப் பிரித்தால் 2 × 2 × 3 × 3 × 7 × 7. சோடிக்கு ஒன்றாக எடுத்துப் பெருக்கினால் 2 × 3 × 7 = 42. கனமூலத்துக்குச் சோடிக்குப் பதில் மும்மூன்றாகக் கட்டவேண்டும்: 3375 என்பது 3 × 3 × 3 × 5 × 5 × 5, விடை 15. எடுத்ததைப் பெருக்காமல் கூட்டிவிடுகிற பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருக்கும். விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

72 போன்ற ஒன்றையும் கொடுங்கள். 2 × 2 × 2 × 3 × 3. ஒரு 2 சோடியில்லாமல் தனித்து நிற்கும். "இதுக்குச் சோடி வேணுமெண்டால் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் இன்னொரு 2ஆல் பெருக்கச் சொல்லுவார்கள். 144 வந்துவிடும்.

ஒரு பரப்புக் காணியின் பக்கம்

நிறைவர்க்கம் இல்லாத, அதாவது 12 போலச் சதுரமாய் அடுக்க வராத எண்களில்தான் பாடத்தின் சுவை. எங்கள் ஊரில் அதற்கு அருமையான உதாரணம் காலடியிலேயே கிடக்கிறது. காணியைப் பரப்புக் கணக்கில் பேசுகிறவர்கள் நாங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் என்பது பக்கம் 16.5 அடி உள்ள சதுரம், அதாவது 272.25 சதுர அடி. அப்படியென்றால் ஒரு பரப்பு 2722.5 சதுர அடி.

இப்போது கேள்வி: ஒரு பரப்புக் காணி சரியான சதுரமாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு வேலி எத்தனை அடி?

முதலில் குத்துமதிப்பு. 50 × 50 = 2500, குறைவு. 60 × 60 = 3600, மிக அதிகம். ஆகவே ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே. இந்த "கொஞ்சம் மேலே" என்ற சொல் பிள்ளையின் வாயில் இருந்து வரட்டும், நீங்கள் சொல்லவேண்டாம்.

அடுத்தது செம்மையாக்கல். ஒரு பக்கம் 50 அடி என்று வைத்துக்கொண்டால் மறுபக்கம் 2722.5 ÷ 50 = 54.45 அடி. பரப்பு சரி, ஆனால் காணி நீட்டாய்ப் போய்விட்டது. நீட்டுப் பக்கத்தை உள்ளே தள்ளி, கட்டைப் பக்கத்தை வெளியே இழுத்தால் சதுரத்துக்குக் கிட்ட வரும். எவ்வளவு தள்ள? நடுவுக்கு: 50உம் 54.45உம் கூட்டிப் பாதியாக்கினால் 52.225. இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். 2722.5 ÷ 52.225 கிட்டத்தட்ட 52.13, இரண்டுக்கும் நடு 52.18. கிட்டத்தட்ட 52 அடி 2 அங்குலம். இரண்டே சுற்றில் அங்குலக் கணக்குக்கு வந்துவிட்டோம்.

இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துச் செய்கிற வகுத்தல் முறை பரீட்சைக்கு வேண்டும், பிறகு படிப்பியுங்கள். ஆனால் அதை முதலில் கொடுத்தால் பிள்ளை கையை ஆட்டுமே ஒழிய, என்ன தேடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. வேலியைத் தள்ளுகிற முறையில் ஒவ்வொரு வரியிலும் காணி கண்ணுக்குத் தெரியும்.

விட்டுவிடாமல் இன்னொன்றும் கேளுங்கள்: 4 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் பக்கம் எவ்வளவு? நாலு மடங்கு என்று பாதி வகுப்புக் கத்தும். கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்குதான், 104 அடி 4 அங்குலம். 16 பரப்பு, அதாவது ஒரு ஏக்கர் என்றால் நாலு மடங்கு.

கனமூலம்: தாயக்கட்டையும் தண்ணீர்த் தொட்டியும்

வர்க்கமூலம் உறுதியாக நின்றால் கனமூலத்துக்கு ஒரு வகுப்பே போதும். லூடோக் கட்டைகளைச் சேர்த்து வையுங்கள். எட்டு இருந்தால் பக்கம் 2, இருபத்தேழு இருந்தால் பக்கம் 3. "27 கட்டையில செய்த சதுரமுகியின்ர பக்கம் எத்தினை?" இதே கேள்விதான், பரப்பின் இடத்தில் கனவளவு வந்திருக்கிறது. ரூபிக் கியூப்பைக் கொண்டுவந்து எண்ணுகிற பிள்ளை "26தான் ரீச்சர் இருக்கு" என்று சண்டைக்கு வரும். வெளியே தெரிவது 26, நடுவில் இருக்கவேண்டியதன் இடத்தில் சுழல்கிற அச்சு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பிறகு தொட்டி. எல்லாப் பக்கமும் ஒரு மீற்றர் உள்ள சீமெந்துத் தொட்டி 1000 லீற்றர் பிடிக்கும். எல்லாப் பக்கத்தையும் பாதியாக்கி 50 சென்ரிமீற்றரில் கட்டினால்? "500 லீற்றர்" என்று வரும், எப்போதும் வரும். எட்டு லூடோக் கட்டையில் செய்த சதுரமுகியை எடுத்து, அதில் ஒன்றை மட்டும் கையில் பிடித்துக் காட்டுங்கள். பக்கம் பாதி, ஆனால் எட்டில் ஒன்று. 125 லீற்றர்தான். இனித் திருப்பிக் கேளுங்கள்: 100 லீற்றர் தொட்டிக்குப் பக்கம் எவ்வளவு? ஒரு லீற்றர் என்பது பக்கம் 10 சென்ரிமீற்றர் உள்ள சதுரமுகி. 100இன் கனமூலம் 4க்கும் 5க்கும் இடையில். 4.6இன் கனம் 97.336, 4.7இன் கனம் 103.823. ஆகவே 46 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

எழுதும்போது ∛ குறியில் அந்தச் சின்ன 3 எங்கே நிற்கிறது என்பதில் கண் வையுங்கள். கொஞ்சம் கீழே இறங்கி வெளியே வந்தால் 3√8 ஆகிவிடும், மூன்று தரம் 8இன் வர்க்கமூலம். இது படிப்பின் பிழையில்லை, கையெழுத்தின் பிழை. ஆனால் புள்ளி போவது போவதுதான்.

சய எண்களைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். −2ஐ மூன்று தரம் பெருக்கினால் −8, ஆகவே −8க்குக் கனமூலம் உண்டு. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் சய எண் வராது, ஆகவே −4இன் வர்க்கமூலத்தைத் தேடி இந்த வகுப்பில் அலையத் தேவையில்லை.

தசமத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மூலம் எடுத்தால் எண் சிறுக்கும் என்று பிள்ளை இதுவரை கண்டதை வைத்து முடிவுகட்டி வைத்திருக்கும். √0.25 = 0.5 என்றதும் நம்பாது. அரை அடிப் பக்கம் உள்ள சதுரத்தை ஒரு அடிச் சதுரத்துக்குள் கீறினால் கால்வாசிதான் நிரம்பும், 0.25. அதோடு √0.9 என்று கேட்டுப் பாருங்கள். 0.3 என்று பாய்ந்து வரும். 0.3 × 0.3 = 0.09. உண்மையான விடை 0.95க்குக் கிட்ட.

கடைசி வகுப்புக்கு

64ஐ இதுவரைக்கும் ஒளித்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசி நாளில் எடுங்கள். 64 கொட்டையைச் சதுரமாக அடுக்கினால் பக்கம் 8, 64 கட்டையைச் சதுரமுகியாக அடுக்கினால் பக்கம் 4. இரண்டு விதமாகவும் அடுக்கக்கூடிய அடுத்த எண்ணைத் தேடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். 27இன் வர்க்கமும் 9இன் கனமும் ஒன்றே என்று யாராவது ஒரு பிள்ளை 729ஐக் கண்டுபிடித்துக்கொண்டு வரும்.

நான் வழக்கமாகக் கொடுக்கிற வீட்டுவேலை, உங்கள் காணி எத்தனை பரப்பு என்று வீட்டில் கேட்டு, அது சதுரமாக இருந்தால் பக்கம் எவ்வளவு என்று கண்டு வருவது. ஒருமுறை ஒரு பிள்ளை அப்பாவிடம் சொல்லிக் காணி உறுதியையே எடுத்துப் பார்த்துவிட்டு வந்தது. 2 பரப்பு, 5445 சதுர அடி. பக்கம் 73.8 அடி என்று ஒழுங்காகக் கண்டிருந்தது. ஒரு பரப்பின் பக்கத்தை இரண்டால் பெருக்கவில்லை. 73.8ஐ 52.18ஆல் வகுத்துப் பார் என்றேன். 1.414 வந்தது. பாபிலோனியர் ஒருவர் கி.மு. 1800க்கும் 1600க்கும் இடையில் களிமண் பலகையில், பத்துப் பத்தாக இல்லாமல் அறுபது அறுபதாக எண்ணுகிற அறுபதடிமான எண்களில் எழுதிவைத்த √2 இதுதான். அந்தப் பலகை இன்றைக்கு யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அதில் உள்ள பெறுமானம் ஐந்து தசமதானத்துக்குச் சரி என்று சொன்னேன்.

பிள்ளைக்குப் பாபிலோனியர் பெரிதாகத் தெரியவில்லை. கொப்பியைப் பார்த்தபடி நின்றுவிட்டுச் சொன்னது:

"ஆனால் ரீச்சர், எங்கட காணி ஒழுங்கைப் பக்கம் ஒடுங்கல். அப்ப அதுக்கு வர்க்கமூலம் இல்லைத்தானே?"

"காணிக்கு இல்லை. 5445க்கு இருக்கு" என்றேன். அடுத்த நாள் அளவு நாடாவோடு வரச்சொன்னேன்.